நாய் துரத்துதா சார்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மேடவாக்கம் தாண்டி, உள்ளடங்கிய ஒரு காலி மனைப் பக்கம் நீங்கள் வர நேர்ந்தால், லேசான தொப்பையுடன் முப்பத்தாறு வயசு ஆசாமி ஒருவன் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பின்னாலேயே ஒரு நாய் வரும். பதற வேண்டாம். கல்லைத் தேட வேண்டாம். ஓடுவது நான்தான். நாயும் என்னுடையதுதான்.

ஆரம்பத்தில் ஒரு பால்காரர் பதறிவிட்டார். வண்டியை அப்படியே ஸ்டாண்டு போட்டுவிட்டு, "ஓடாதீங்க சார்! நின்னுடுங்க! நின்னா கடிக்காது!" என்று கத்தினார். நான் நின்றேன். நாயும் நின்றது. இருவரும் சேர்ந்து அவரைப் பார்த்தோம்.

"ஒண்ணுமில்லீங்க... ப்ராக்டீஸ்" என்றேன்.

அவர் என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்றார்.

சாதாரணக் கேள்விதான். ஆனால் அதற்குச் சரியான பதில் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

*

முதலில் என்னைப் பற்றி. நான் பி.காம். ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஒன்பது வருஷம் வவுச்சர்களுக்கு டிக் அடித்தவன். பச்சை இங்க்கில் டிக், சிவப்பு இங்க்கில் கேள்விக்குறி. அடுத்தவன் கணக்கில் தப்பு கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவனுக்கு நாளடைவில் ஒரு வியாதி வந்துவிடும். ஹோட்டல் பில்லைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு வைப்பான். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேரைப் படிக்கமாட்டான், எழுத்துப் பிழை தேடுவான். "மூணு விசில்னு சொன்னே, ரெண்டுதானே வந்தது?" என்று குக்கர் விஷயத்தில்கூட மனைவியிடம் விளக்கம் கேட்பான். பிறகு நான் வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுத வந்தேன். வேலை போயிற்று. வியாதி போகவில்லை.

2021 நவம்பர் மழையில் ஒரு நாய் எங்கள் வீட்டு வாசற்படியில் வந்து படுத்தது. சுமார் ஒரு வயசு. பழுப்பு நிறம், வால் நுனியில் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. ஒரு காதின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு. தெரு நாய்களைப் பிடித்துப் போய்க் கருத்தடை ஆபரேஷன் செய்து, அடையாளத்துக்குப் போட்டு அனுப்புகிற வெட்டு. அதாவது, ஏற்கெனவே ஆடிட் முடிந்து டிக் அடித்த நாய்! எனக்குப் பிடித்துப் போனதில் ஆச்சரியமில்லை.

கணக்கு சாஃப்ட்வேர் ஞாபகத்தில் 'டேலி' என்று பேர் வைத்தேன். தெருவில் எல்லோரும் 'டாலி' என்றார்கள். அதுவும் டாலிக்குத்தான் திரும்பிப் பார்த்தது. முதல் தோல்வி.

அப்பாவுக்கு நாய் பிடிக்கவில்லை. ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயரானவர். கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து பாதி தமிழ்நாட்டைப் பின்பக்கமாகவே பார்த்தவர். "உன் சம்பாத்தியத்துக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்" என்றார். எழுத்தாளன் மகனாக வாய்த்த எந்தத் தகப்பனாரும் சொல்லக்கூடிய வாசகம்தான்.

டேலி ஒரே மாதத்தில் மூன்று ஜோடி செருப்பு, ஒரு சோபாவின் மூலை, என்னுடைய வருமான வரிக் கணக்கின் நகல் எல்லாவற்றையும் தின்று தீர்த்தது. (வரிக் கணக்கை நிஜமாகவே ஜீரணித்தவர் இந்தியாவில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.) நாலரை அடி காம்பவுண்டுச் சுவரை அனாயாசமாகத் தாண்டிப் போய், எதிர் வீட்டு மாமி வடகம் காயவைத்தால் காவல் இருந்தது. காவலுக்குக் கூலியும் அதுவே எடுத்துக்கொண்டது.

கால்நடை டாக்டரிடம் கூட்டிப் போனேன். எடை பார்த்தார், பல் பார்த்தார். "நாய்க்கு ஒரு வியாதியும் இல்ல சார். வேலை இல்ல, அவ்வளவுதான். வேலை குடுங்க" என்றார்.

பட்டதாரிகளுக்கே கிடைக்காததை நான் எங்கே போய்க் கேட்பேன்? அப்போதுதான் அவர் மாஸ்டரைப் பற்றிச் சொன்னார்.

*

மாஸ்டர் வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் நாய்ப் பிரிவில் இருந்தவர். மீரட்டில் ராணுவ நாய்களுக்குப் பயிற்சி தருகிற மையம் இருக்கிறதே, அங்கே வருஷக்கணக்கில் பழகியவர். அறுபது வயசுக்கு மேல். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவர் "உட்கார்" என்று மெல்லச் சொன்னால் நாய்கள் உட்காரும். முதல் நாள் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

காலி மனையில் பி.வி.சி. பைப்புகளை நட்டு, பலகைகளைச் சாய்த்து, நீளமான துணிக் குழாய் ஒன்றைப் படுக்கப் போட்டு வைத்திருந்தார். "இதுக்குப் பேரு அஜிலிட்டி, தம்பி" என்றார்.

விஷயம் இதுதான். மைதானத்தில் பதினைந்து, இருபது தடைகள் வைத்து, வரிசையாக நம்பர் போட்டிருப்பார்கள். தாண்டுவதற்குக் கம்புகள், நுழைந்து போகச் சுரங்கம் மாதிரி டனல், தாவிப் போக டயர், ஏறி இறங்கக் கூரை மாதிரி 'ஏ' வடிவப் பலகை, மேலே நடந்து போக ஒற்றைப் பலகைப் பாலம், குழந்தைகள் ஆடுகிற சீ-சா, புகுந்து புகுந்து வளைந்து போகப் பன்னிரண்டு கம்பங்கள். நாய் இவற்றை நம்பர் வரிசை தவறாமல், தப்பில்லாமல், வேகமாக முடிக்க வேண்டும். கூடவே எஜமானன் ஓடி வழி காட்ட வேண்டும். நாய்க்குக் கயிறு கிடையாது. தொடக்கூடாது. கையில் பிஸ்கட் வைத்து ஆசை காட்டக்கூடாது. வாயும் உடம்பும்தான் கயிறு.

கம்பு விழுந்தால் 5 தப்பு மார்க். தடைக்கு முன்னால் தயங்கி நின்றாலும் விலகிப் போனாலும் 5. மூன்று தடவை அப்படி மறுத்தால் அவுட். வரிசை மாறி வேறு தடைக்குப் போனால் உடனே அவுட். இந்தக் கணக்கு எனக்கு உடனே பிடித்துவிட்டது. தப்புக்கு மார்க் போடுகிற விளையாட்டு உலகத்தில் இருக்கிறது என்று இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே!

இதன் பூர்வீகம் இங்கிலாந்து. லண்டனில் நடந்துவந்த க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஜனங்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க ஏதாவது வேண்டும் என்று யோசித்தார்கள். ஜான் வார்லி என்ற கமிட்டி உறுப்பினர், பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். குதிரைகள் தடை தாண்டுகிற போட்டியையே நாய்க்கு ஏற்ற அளவில் மாற்றி, 1978-ல் ஒரு காட்சி நடத்திக் காட்டினார்கள். ஜனங்களுக்கு மெயின் படத்தைவிட இன்டர்வெல் பிடித்துப் போயிற்று! இரண்டே வருஷத்தில், 1980-ல், அங்குள்ள கென்னல் கிளப் இதை அதிகாரபூர்வமான விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. 1996-லிருந்து உலக சாம்பியன்ஷிப்பும் நடக்கிறது. இன்டர்வெல்லில் முறுக்கு விற்க வந்தவன் படத்தில் ஹீரோ ஆன கதை.

*

பயிற்சி ஆரம்பமாயிற்று. மாஸ்டர் என் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பியைக் கொடுத்தார். அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும். க்ளிக்கர் என்று பேர். டால்ஃபின்களுக்கு வித்தை கற்றுக்கொடுத்த காரன் ப்ரயர் என்ற அமெரிக்கப் பெண்மணி இந்த முறையைப் பிரபலப்படுத்தியவர்களில் முக்கியமானவர். 1984-ல் அவர் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு நாய்க்காரர்கள் பலர் கட்சி மாறினார்கள்.

"சரியா செய்யற அந்த நொடியில டிக். உடனே ஒரு துண்டு ஈரல். அவ்வளவுதான்" என்றார் மாஸ்டர்.

"டிக் தானே? ஒன்பது வருஷ அனுபவம் இருக்கு மாஸ்டர்!"

"நல்லது."

"தப்பு செஞ்சா என்ன சத்தம்?"

"ஒரு சத்தமும் இல்ல. சும்மா இருங்க. திரும்ப ஆரம்பிங்க."

என் சிவப்பு இங்க்குக்கு அங்கே வேலையில்லை என்று கேட்டபோது, கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

நான் நினைத்தது, நாயை இழுத்துப் போய் ஒவ்வொரு தடையாகத் தள்ளிவிட வேண்டும் என்று. அப்படி இல்லை. சீ-சா பலகையில் நாய்க்குப் பயமே அது டமால் என்று தரையில் இடிக்கிற சத்தம்தான். அதனால் முதல் வாரம் பலகைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, ஒரே ஒரு அங்குலம் மட்டும் இறங்கும்படி வைத்தோம். டேலி அதன்மேல் நின்று ஈரல் தின்றது. அடுத்த வாரம் இரண்டு அங்குலம். சத்தம் வந்தால் ஈரல் வரும் என்று புரிந்த பிறகு, அது தானாகவே ஏறி டமால் பண்ணிவிட்டு எங்களைப் பார்த்தது.

ஏறி இறங்குகிற பலகைகளின் அடிப்பகுதியில் வேறு வர்ணம் பூசியிருக்கும். அந்த இடத்தில் ஒரு காலாவது பட்டுத்தான் நாய் இறங்க வேண்டும். நம் ஆள் என்ன செய்யும்? அவசரத்தில் உச்சியிலிருந்தே எகிறும். எகிறினால் கால் மூட்டு போய்விடும். அதைத் தடுக்கத்தான் அந்த ரூல். எலும்பு முற்றாத குட்டிகளையும் குதிக்க விடுவதில்லை. சர்வதேசப் போட்டிகளில் 18 மாசம் ஆகாத நாய்க்கு அனுமதியே கிடையாது.

பன்னிரண்டு கம்பங்கள்தான் பெரிய பாடு. ஒவ்வொன்றுக்கும் நடுவே 60 சென்டிமீட்டர். முதல் கம்பம் எப்போதும் நாயின் இடது தோள் பக்கம் இருக்கும்படி நுழைய வேண்டும். முதலில் கம்பங்களை இரண்டு வரிசையாகப் பிரித்து, நடுவில் ஒரு சந்து விட்டோம். டேலி நேராக ஓடியது. வாரத்துக்குக் கொஞ்சமாகச் சந்தைக் குறுக்கினோம். கடைசியில் சந்தே இல்லை. நாய் தானாக வளைந்து வளைந்து போயிற்று. நாலு மாசம் ஆயிற்று. முதல் தடவை பன்னிரண்டையும் விடாமல் முடித்தபோது, வேப்பங்குச்சியை மென்றுகொண்டிருந்த அப்பா, "பரவால்லயே!" என்றார். எனக்கு பி.காம். ரிசல்ட் வந்த அன்றுகூட அவர் அதைச் சொன்னதில்லை.

வெயிலுக்கு முன்னால் முடித்துவிடுவோம். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். சென்னை வெயிலில் பத்து மணிக்கு ஓட்டினால் அது விளையாட்டில்லை, கொடுமை. அதனால்தான் அந்த ஐந்தரை மணி.

*

2023 ஜனவரியில் புறநகரில் நடந்த ஒரு செல்லப் பிராணிகள் கண்காட்சியில், ஓர் ஓரமாக அஜிலிட்டியும் வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். பாரத்தில் 'நாயின் ஜாதி' என்று ஒரு கட்டம். ஜாதி என்ன எழுதுவது? நான் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றேன். மனைவி பிடுங்கி, 'இந்தியன்' என்று எழுதிவிட்டாள்.

மொத்தம் பதினான்கு நாய்கள். இந்த விளையாட்டுக்கென்றே பிறந்தவை மாதிரியான பார்டர் கோலிகள், போலீஸ் மிடுக்கில் ஒரு மாலினாய், குண்டாக ஒரு லாப்ரடார், பிறகு எங்கள் டேலி.

போட்டிக்கு முன்னால் நாய் இல்லாமல் மைதானத்தை நடந்து பார்க்க ஏழெட்டு நிமிஷம் கொடுப்பார்கள். நாய்க்கு அந்தச் சலுகை இல்லை. வழி முழுக்க எஜமானன் மனப்பாடம் பண்ண வேண்டும். ஆகவே பதினாலு பேர் இல்லாத நாய்களுக்குக் கை காட்டிக்கொண்டு, திரும்பிக்கொண்டு, தனக்குத்தானே பேசிக்கொண்டு அலைந்தோம். அப்பா கயிற்றுக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, மனைவியிடம் "எல்லாருக்குமே இப்படித்தானாம்மா?" என்று கவலையுடன் கேட்டிருக்கிறார்.

ஏழாம் நம்பரில் ஒரு சூழ்ச்சி வைத்திருந்தார்கள். 'ஏ' பலகையும் டனலும் பக்கத்தில் பக்கத்தில். போக வேண்டியது டனல்.

எங்கள் முறை வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... டேலி காற்று மாதிரி போயிற்று. கூட்டத்தில் கைதட்டல். தெரு நாய்க்கு என்றால் நம் ஜனங்கள் கூடுதலாகவே தட்டுவார்கள். ஆறாவது கம்பைத் தாண்டியதும் "டனல்! டனல்!" என்று கத்தினேன். டேலி நேராக 'ஏ' பலகையில் ஏறி, உச்சியைத் தொட்டு, அழகாக இறங்கியது.

விசில். அவுட்.

அப்போது நான் செய்ததை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. நாயின் முன்னால் போய் நின்று, விரலை நீட்டி, "டனல்னு சொன்னேன்ல? அறிவில்ல? ஆறு மாசமா என்ன கத்துக்கிட்ட?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். டேலி காதை மடித்து, வாலைச் சுருட்டி, வயிறு தரையில் ஒட்டப் படுத்துவிட்டது. கூட்டம் சிரிப்பதை நிறுத்திவிட்டது. நடுவர் வந்து என் தோளைத் தொட்டு, "போதும் சார்" என்றார். டேலி எழுந்து, என்னைச் சுற்றிக்கொண்டு போய், கயிற்றுக்குக் கீழே நுழைந்து, நாயே பிடிக்காத அப்பாவின் காலடியில் படுத்துக்கொண்டது.

வீடு வரும் வரை காரில் யாரும் பேசவில்லை.

*

அடுத்த ஞாயிறு ஆரம்பக் கோட்டில் நிறுத்தினேன். "போ!" என்றேன். கொட்டாவி விட்டது. உதட்டை நக்கியது. தரையை முகர்ந்தது. ஓடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. வீட்டில் நான் ரூமுக்குள் வந்தால் எழுந்து வேறு ரூமுக்குப் போயிற்று. கோபமெல்லாம் இல்லை. ரொம்ப மரியாதையாக விலகிப் போயிற்று. அதுதான் தாங்க முடியவில்லை.

"திமிரு மாஸ்டர்" என்றேன்.

"பயம், தம்பி. கொட்டாவி விட்டா தூக்கம்னு நினைச்சீங்களா?" என்றார் அவர். "அன்னிக்கு யாராவது வீடியோ எடுத்தாங்களா?"

மனைவி எடுத்திருந்தாள். மொபைலில் போட்டுக் காட்டினாள். மாஸ்டர் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டார். "இப்ப பாருங்க. நாய்க்கு இப்படித்தான் தெரியும்."

பார்த்தேன். ஆறாவது கம்பு வரை சரி. பிறகு, படத்தில் இருந்த அந்தத் தொப்பைக்காரன் வாயைத் திறந்து என்னமோ கத்துகிறான். ஆனால் அவன் முகம், தோள், இரண்டு கால் கட்டை விரல்கள் எல்லாமே 'ஏ' பலகைப் பக்கம் திரும்பியிருந்தன. ஏன்? அந்தப் பக்கம்தான் மனைவி மொபைலுடன் நின்றிருந்தாள். கைதட்டல் கேட்டதும், வீடியோவில் நன்றாக விழ வேண்டுமே என்று காமிராவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன்!

நாய் நம் வார்த்தையைவிட உடம்பைத்தான் அதிகம் கவனிக்கிறது என்றார் மாஸ்டர். நாம் கை காட்டும் திசையை நாய்கள் எவ்வளவு நன்றாகப் புரிந்துகொள்கின்றன என்பதை ஹங்கேரியில் ஆடம் மிக்லோஷி குழுவினரும், அமெரிக்காவில் ப்ரையன் ஹேரும் 1998 வாக்கிலேயே சோதித்து எழுதியிருக்கிறார்கள். நம் கால் போகும் பக்கம், தோள் பார்க்கும் பக்கம், இதுதான் ஓடுகிற நாய்க்குப் பாஷை. டேலி ஒரு தப்பும் செய்யவில்லை. நான் காட்டிய வழியில் அப்படியே போயிருக்கிறது.

பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, அன்று வாயைத் திறந்தார். "முப்பத்தி நாலு வருஷம் கொடி காட்டினவன்டா நான். தப்பான கொடியைக் காட்டிட்டு வண்டியையா திட்டுவே?"

*

அந்த வீடியோவை ராத்திரி தனியாக நாலைந்து தடவை பார்த்தேன். பார்க்கப் பார்க்க, டேலி ஞாபகம் போய் வேறொருத்தன் ஞாபகம் வந்தது.

2017. ஆடிட் ஆபீஸில் எனக்குக் கீழே ஒரு பையன். கள்ளக்குறிச்சிப் பக்கம். வேலைக்கு வந்து நாலு மாசம். ஒரு கிளையன்ட்டின் கணக்கில் ஸ்டாக் லிஸ்ட் சரிபார்க்கச் சொன்னேன். சாயங்காலம் பார்த்தால் அவன் பாங்க் கணக்கைச் சரிபார்த்து வைத்திருந்தான். கிளையன்ட் முன்னாலேயே, "டிகிரி எங்கப்பா வாங்கினே? கடையிலயா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த மாசம் வேலையை விட்டுவிட்டான். 'இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்லை' என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டேன்.

நம்பர் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். கோயம்புத்தூரில் அக்கவுன்ட்ஸ் மேனேஜராக இருக்கிறானாம். அவனுக்குக் கீழே எட்டுப் பேராம். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தான்.

"சார், அன்னிக்கு நீங்க வாயில ஸ்டாக்குன்னு சொன்னீங்க. கையில பாங்க் ஃபைலைக் குடுத்துட்டு வேற யார்கிட்டயோ பேச ஆரம்பிச்சுட்டீங்க. நான் கையில இருந்ததைச் செஞ்சேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா?"

"நீங்க கேக்கலியே சார்."

மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்றான். விட்டானா என்று எனக்குத் தெரியாது. நாய் விஷயத்தைக் கடைசி வரை அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், நாயோடு சேர்த்துப் பேசினதற்கு இரண்டாவது தடவை மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

*

மாஸ்டர் வைத்தியம் ஆரம்பித்தார். டேலிக்கு ஒரு மாசம் விடுமுறை. ஒரே ஒரு கம்பு, அதுவும் தரையில். தாண்டினால் டிக், ஈரல், விளையாட்டு. தாண்டாவிட்டால் ஒன்றுமில்லை.

பயிற்சி முழுக்க எனக்குத்தான். நாய் இல்லாமல் ஓட வேண்டும். நாய்க்குப் பதில் அப்பா! நான் வாயைத் திறக்காமல் தோளாலும் காலாலும் வழி காட்ட, அறுபத்தெட்டு வயசு ரிட்டயர்ட் கார்டு பின்னால் நடந்து வருவார். "அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இந்தப் பக்கம் வான்னா எப்படிடா வர்றது?" என்று நடுவில் நின்றுகொண்டு கேட்பார். டேலியும் இதைத்தானே கேட்டிருக்கும்? அதற்குப் பேச வராது, அவ்வளவுதான். அப்பாவும் நானும் அந்த ஒரு மாசத்தில் பேசியது அதற்கு முந்தின பத்து வருஷப் பேச்சைவிட அதிகம் என்று மனைவி கணக்குச் சொன்னாள். நான் கூட்டிப் பார்க்கவில்லை. நம்பிவிட்டேன்.

அந்த நாட்களில்தான் க்ராட்டு என்ற நாயின் வீடியோவைப் பார்த்தேன். ருமேனியாவிலிருந்து காப்பாற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த, புசுபுசுவென்ற பெரிய நாய். 2020 மார்ச்சில் பர்மிங்ஹாமில் நடந்த க்ரஃப்ட்ஸில் அது ஓடியது. ஓடியது என்றா சொன்னேன்? தாண்ட வேண்டிய கம்பைக் கவ்விக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தது! அரங்கம் முழுக்கச் சிரிப்பு. நான் பார்த்தது நாயை அல்ல, எஜமானியம்மாவை. அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். நாயின் வாலைப் பார்த்தேன். விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் வீடியோவில் ஏழாம் நம்பருக்கு அப்புறம் அப்படி ஒரு வால் இல்லை.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை, தரையில் கிடந்த கம்பைத் தாண்டிய டேலி நிற்காமல் தானாகவே டனலுக்குள் போய் அந்தப் பக்கமாக வந்து என்மேல் பாய்ந்தது. சட்டை முழுக்கச் சேறு. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்டர் முதுகைக் காட்டிக்கொண்டு கம்பங்களை எடுத்து வைத்தார்.

*

2024 பிப்ரவரியில் அதே மாதிரி இன்னொரு போட்டி. இந்தத் தடவையும் டனலும் பலகையும் பக்கத்தில் பக்கத்தில். மனைவியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், வீடியோ எடுப்பதானால் எனக்குத் தெரியாமல் எடு என்று. அந்த இடம் வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். காலை டனல் பக்கம் திருப்பினேன். டேலி என் காலைப் பார்த்தது. டனலுக்குள் போயிற்று.

கடைசிக்கு முந்தின கம்பை வால் பக்கமாகத் தட்டிவிட்டது. 5 தப்பு. நான் திரும்பச் சொன்னது தாமதம், அதனால் இடித்தது. அந்த ஐந்தையும் என் கணக்கிலேயே பற்று எழுதிக்கொண்டேன். பதினோரு நாய்களில் ஆறாவது இடம். பரிசு கிடையாது. வெளியே வரும்போது டேலியின் வால் மட்டும் கப் வாங்கிய மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அப்பா பச்சைத் துண்டு ஒன்றை ஆட்டிக்கொண்டு நின்றார். கேட்டால் வேர்வை துடைத்தேன் என்கிறார்.

ஆபீஸ் போகிற நண்பர்களுக்கு நான் புத்தி சொல்லப் போவதில்லை. உங்கள் மேலதிகாரி வாயால் ஒன்று சொல்லி, கையால் வேறு ஃபைலைக் கொடுத்தால் அது அவர் தலையெழுத்து. ஆனால் உங்களுக்குக் கீழே ஒரு புதுப் பையன் உட்கார்ந்திருந்தால், சிவப்பு இங்க்கைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை உங்கள் கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். காசு செலவில்லை.

போன வாரம் அதே பால்காரர் வந்தார். வண்டியை நிறுத்தி, நாங்கள் ஓடுவதைப் பொறுமையாகப் பார்த்தார்.

"என்ன சார், இன்னும் ப்ராக்டீஸா?"

"ஆமாங்க. எனக்குத்தான்" என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டு.

"அதானே பார்த்தேன்!" என்றார். "நாய் நல்லாத்தானே ஓடுது!"